இருநூற்றுப் பன்னிரண்டு எதிர்ப்புகள்

யுவஸ்ரீ இறந்து பதிமூன்று மாதம் ஆன பிறகும் மாதம் இருநூறு கிராம் வீதம் தவறாமல் எடை ஏறிக்கொண்டிருந்தாள் என்ற சங்கதி, அவளைப் பெற்ற துளசிங்கத்துக்கு ஒரு மாசி மாதத் திங்கட்கிழமை தெரியவந்தது.

அவன் அதைத் தெரிந்துகொள்ளப் போகவில்லை. இரண்டாவது மகள் ஷாலினிக்கு இனிமேல் மாவு தரக்கூடாது என்று சென்னை டாக்டரம்மா எழுதிக்கொடுத்த சீட்டைக் காட்டுவதற்காக, ஊர்க்கோடியில் இருக்கும் தளிர்நிறை மையத்துக்குப் போயிருந்தான். மையத்து டீச்சர் பிரபாவதி செல்போனைத் திறந்து ஷாலினியின் பெயரைத் தேடினாள். அதற்கு மேல் வரியில் இன்னொரு பெயர் இருந்தது. யுவஸ்ரீ, தகப்பன் பெயர் துளசிங்கம், வயது நான்கு, எடை பதினான்கு கிலோ அறுநூறு கிராம். பெயரைச் சுற்றிப் பச்சைக் கட்டம்.

"இது யாரு டீச்சர்?" என்று கேட்டான் துளசிங்கம்.

பிரபாவதி போனைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டாள். "உம் பொண்ணுதாண்ணா" என்றாள்.

தளிர்நிறைத் திட்டத்தை அறியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை சொல்லிவிடலாம். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை மாதாமாதம் தராசில் வைக்க வேண்டும். எடை சரியாக இருந்தால் பச்சை, ஒரு பங்கு மாவு. குறைச்சலாக இருந்தால் மஞ்சள், இரண்டு பங்கு. ரொம்பக் குறைச்சல் என்றால் சிவப்பு, மூன்று பங்கு, அதையும் டீச்சர் கண்ணெதிரே தின்ன வேண்டும். மாவு என்பது நிறைமாவு. வறுத்த கோதுமை, வெல்லம், கொஞ்சம் வேர்க்கடலை. மாவின் மேல் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, ஊரில் மற்ற பிள்ளைகள் அதைத் தின்று கொழுகொழுவென்றுதான் இருந்தன. மாவு தின்னத் தின்ன இளைக்கிற பிள்ளையும் உலகத்தில் உண்டு என்பதைத் திட்டம் தீட்டியவர்கள் நினைத்துப்பார்க்கவில்லை. அவர்கள் நினைத்துப்பார்க்காத ஒன்று நடக்கவும் கூடாது என்பது அலுவலகத்தின் கொள்கை.

அதனால் அவர்கள் செய்துகொடுத்த செல்போன் செயலியில் எடை ஏறலாம், நின்ற இடத்தில் நிற்கலாம், இறங்க மட்டும் முடியாது. யுவஸ்ரீக்கு ஒன்றே முக்கால் வயதில் ஒன்பது கிலோ இருநூறு இருந்தது. அடுத்த மாதம் ஒன்பது கிலோ. பிரபாவதி அதை மூன்று தடவை அழுத்திப் பார்த்தாள். மூன்று தடவையும் போன் 'சரியான எடையை உள்ளிடவும்' என்றது. பயிற்சி முகாமில் கேட்டதற்கு, இப்போதைக்கு இருநூறு கிராம் கூட்டிப் போட்டு வை, பிள்ளை தேறியதும் சரிசெய்துகொள்ளலாம் என்றார்கள். போட்டாள். பிள்ளை தேறவில்லை. அடுத்த மாதமும் போட்டாள். பிள்ளை கழுதை தேய்ந்து கட்டெறும்பான கதையாக ஆகிக்கொண்டிருந்தது, போனில் மட்டும் வளர்ந்தது. பிரபாவதி இரக்கமுள்ளவள். கணக்கில் பச்சையாக இருந்தாலும் கண்ணால் பார்க்கிற பிள்ளைக்கு ஒரு பங்கு எப்படிப் போதும் என்று மூன்று பங்கு மாவை அள்ளிக் கொடுத்தாள்.

அதை ஊட்டியவன் துளசிங்கம். அவன் மனைவி வசந்தி விடியற்காலை ஐந்து மணிக்குக் கம்பெனி வேனில் ஏறிவிடுவாள், சாயங்காலம்தான் திரும்புவாள். துளசிங்கம் கூலிக்குத் தறி ஓட்டுகிறவன், தறி பக்கத்து வீட்டிலேயே ஓடியது. நூல் அறுந்து தறி நிற்கும்போதெல்லாம் கிண்ணத்தோடு வந்து உட்காருவான். உனக்கு ஒரு வாய், மலைமேல் இருக்கிற முருகனுக்கு ஒரு வாய் என்பான். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும். வயிறு உப்பி, கைகால் குச்சியாகி, நாளுக்கு ஏழெட்டுத் தடவை வயிற்றால் போய்க்கொண்டிருந்த பிள்ளை. தின்னாமல்தான் இப்படி ஆகிறாள் என்று நினைத்தான். சில நாள் தாடையைப் பிடித்து அழுத்தியும் ஊட்டியிருக்கிறான். ஒரு நாள்கூடக் கிண்ணத்தில் மிச்சம் வைத்ததில்லை. யுவஸ்ரீ இரண்டு வயது பதினோரு மாதத்தில் போய்ச்சேர்ந்தாள்.

இரண்டாவது மகள் ஷாலினியும் அதே வழியில் இளைக்கத் தொடங்கியபோது வசந்தி யாரையும் கேட்கவில்லை. லீவு போட்டாள், பிள்ளையைத் தூக்கினாள், திருத்தணியில் ரயிலேறிச் சென்னை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். துளசிங்கம் பின்னாலேயே ஓடினான். அங்கே டாக்டர் சுஜாதா ரத்தம் எடுத்தார், குழாய் விட்டுக் குடலைப் பார்த்தார், பத்து நாள் கழித்து வரச்சொன்னார்.

"கோதுமைல ஒரு சத்து இருக்கும்மா. சில பேரோட உடம்பு அதைப் பகையாளின்னு நெனச்சு எதிர்ப்பொருள் உண்டாக்கும். அந்தச் சண்டையில சொந்தக் குடலே அரிச்சுப்போகும். வேலியே பயிரை மேயற கதை. பெரியவங்களுக்கும் வரும்" என்று சொல்லி, இவர்கள் இருவருக்கும் ரத்தம் எடுக்கச்சொன்னார். ஷாலினியின் எதிர்ப்பொருள் இருநூற்றுப் பன்னிரண்டு. இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும். வருஷக்கணக்காக ரத்தசோகை என்று மாத்திரை தின்றுகொண்டிருந்த வசந்திக்கு எழுபத்து நான்கு. "மருந்து கிடையாது. ஆயுசுக்கும் கோதுமை கூடாது. அவ்வளவுதான். பின்னால எதிர்ப்பொருள் குறையும். குறைஞ்சுபோச்சேன்னு திரும்பக் குடுத்துடாதீங்க."

பிறகு டாக்டரம்மா, மூத்த பிள்ளை எப்படி இறந்தது என்று கேட்டார். துளசிங்கம் சொன்னான். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், எதையும் எழுதவில்லை. அதைப் பார்த்தபோதுதான், மூத்தவளும் அதே மாவால்தான் போனாள் என்று அவனுக்கு விளங்கியது.

இந்தச் சீட்டோடுதான் அவன் மையத்துக்கு வந்திருந்தான், வந்த இடத்தில்தான் பச்சைக் கட்டத்தைப் பார்த்தான்.

"செத்துட்டான்னு போட வேண்டியதுதானே டீச்சர்?"

"போட்டா விடுமாண்ணா? பச்சையில கீற கொழந்த எப்பிடி செத்துச்சின்னு கேப்பாங்க. வெசாரண வெப்பாங்க. நான் பயந்துட்டேன்" என்று பிரபாவதி அழுதாள். "மாசாமாசம் அவ பேர்ல எட போடச்சொல்லி போன் அடிச்சிகினே கீது. போடலன்னா செவப்பாயிடும். அந்தப் புள்ள பேர செவப்புல பாக்க எனக்கு மனசு வரல."

துளசிங்கத்துக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவன் போனை வாங்கி அந்தப் பதினான்கு கிலோ அறுநூறை நெடுநேரம் பார்த்தான். "நல்லா கீறாளா?" என்று கேட்டான்.

கேட்டபிறகுதான் தான் கேட்டது என்ன என்று அவனுக்கே உறைத்தது. அவன் எழுந்து வந்துவிட்டான்.

மாவை நிறுத்தும் அதிகாரம் டீச்சருக்குக் கிடையாது. ஷாலினி விஷயத்தில் இருநூறு கிராம் கூட்டிப்போடவும் அவளால் முடியாது. அலுவலர் ராஜமாணிக்கம் ஒரு நாள் ஆய்வுக்கு வந்து தன் கையாலேயே அவளைத் தராசில் வைத்து, ஏழு கிலோ தொள்ளாயிரம், சிவப்பு என்று பதிந்துவிட்டுப் போயிருந்தார். ஆகவே சீட்டு திருத்தணி அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். அலுவலகத்தில் எல்லாக் காகிதமும் தமிழில்தான் இருக்க வேண்டும் என்பது விதி, நல்ல விதிதான். பஸ் ஸ்டாண்டு அருகே டைப்படிக்கும் கடையில் ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டைத் தமிழாக்கித் தந்தார்கள். அந்தக் கடைக்காரர் சிக்கனமானவர். எதிர்ப்பொருள் என்பதில் பொருள் உபரி என்று நினைத்தாரோ என்னவோ, 'எதிர்ப்பு: 212. அனுமதி: 20 வரை. வகை: தன்னெதிர்ப்பு' என்று அடித்துக் கொடுத்தார்.

எழுத்தர் விஜயன் அதை இரண்டு தடவை படித்தார். "ஏம்பா, இருநூத்திப் பன்னெண்டு எதிர்ப்பா? யாருக்கு எதிர்ப்பு?"

"மாவுக்கு சார்."

"இருபது வரைக்கும் அனுமதின்னு நீயே எழுதிக் குடுத்திருக்க. அதுக்கு மேல நூத்தித் தொண்ணூத்திரெண்டு. வயசு?"

"ரெண்டு சார்."

"ரெண்டு வயசுல தன்னெதிர்ப்பு. சொந்தமா எதிர்க்குதா, இல்ல பின்னால யாராவது தூண்டி உடறாங்களா?"

துளசிங்கம் நன்றாக யோசித்து, "அவ ஒடம்பே எதிர்க்குதுன்னு சொன்னாங்க சார்" என்றான். பெண்சாதிக்கும் எழுபத்து நான்கு என்று உண்மையையும் சேர்த்துச் சொன்னான். விஜயன் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்து, "குடும்பமே எறங்கிட்டீங்களா?" என்றார். சீட்டு மருத்துவப் பிரிவுக்குப் போகவில்லை, ஆட்சேபணைப் பிரிவுக்குப் போனது. ஆட்சேபணை நிலுவையில் இருக்கும்வரை மாவை நிறுத்திவைக்கலாம் என்று ஒரு விதி இருந்ததால், தப்பான பிரிவுக்குப் போனதில் ஒரு நல்லதும் நடந்தது. ஷாலினி மாவு தின்னாமல் இருந்தாள்.

பங்குனியில் அவள் பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. 'திருமதி/செல்வி து. ஷாலினி அவர்களுக்கு. தாங்கள் நிறைமாவுக்குத் தெரிவித்துள்ள 212 எதிர்ப்புகளையும் ஒவ்வொன்றாக, காரணத்துடன், தனித்தனித் தாளில் எழுதி ஒப்பமிட்டு அனுப்பவும்.' ஷாலினி அதை வாயில் வைத்து மென்றாள். காகிதத்தில் கோதுமை இருக்குமோ என்று வசந்தி பதறிப் பிடுங்கினாள். பிறகு இருவரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் ஒரு வருஷத்துக்குப் பின் கேட்ட சிரிப்பு அது.

ஷாலினி தேறினாள். சோறு தின்றாள், கேழ்வரகுக் கூழ் குடித்தாள், நைனா என்று கூப்பிட்டுக்கொண்டு தறிவீடு வரை ஓடிவந்தாள். ஒரு மாதம் முந்நூறு ஏறும், ஒரு மாதம் சளி பிடித்து நூறு இறங்கும், அடுத்த மாதம் ஐந்நூறு ஏறும். இதை மாதாமாதம் பிரபாவதியிடம் சொல்லத் துளசிங்கம் மையத்துக்குப் போவான். மாவு இல்லாமல் ஏறிய எடை திட்டத்தின் எடை ஆகாது என்பதால் பிரபாவதி அதைப் போனில் ஏற்ற முடியாது, நோட்டில் எழுதிக்கொள்வாள். எழுதி முடித்தும் அவன் எழுந்திருக்கமாட்டான்.

"மூத்தது?" என்பான்.

"பதினாலு எண்ணூறு" என்பாள் பிரபாவதி, முகத்தைப் பார்க்காமல்.

அடுத்த மாதம் பதினைந்து. அதற்கடுத்த மாதம் பதினைந்து இருநூறு. இது தப்பு என்று அவனுக்குத் தெரியாமலில்லை. ஆனால் ஊரில் வேறு யாருமே அவளைப் பற்றிப் பேசவில்லை. வசந்திகூட அந்தப் பெயரைச் சொல்வதில்லை. அவளைப் பற்றிய சேதி உலகத்தில் ஒரே ஒரு இடத்திலிருந்துதான் வந்தது, அதுவும் நல்ல சேதியாகவே வந்தது. தறி ஓட்டும்போது பதினைந்து கிலோ என்றால் எவ்வளவு உயரம் இருப்பாள் என்று கணக்குப் போடுவான். தறியில் நூல் சுற்றிய பாவு உருளையின் உயரத்துக்கு வருவாளா என்று கையை வைத்துப் பார்ப்பான். பக்கத்துத் தறிக்காரன் என்ன என்று கேட்டால் நூலைப் பார்ப்பதுபோல் குனிந்துகொள்வான். அவனுக்குப் பயமாகவும் இருந்தது, விட மனமும் இல்லை.

ஆனியில் டாக்டரம்மா மறுபடி ரத்தம் எடுத்தார். எதிர்ப்பொருள் அறுபதுக்கு இறங்கியிருந்தது. நல்ல காரியம், அப்படியே கொண்டு போங்கள் என்றார். அந்த ரிப்போர்ட்டையும் தமிழாக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தான். விஜயன் முகம் மலர்ந்து அவனை அலுவலரிடமே கூட்டிப்போனார்.

"நூத்தி அம்பத்திரெண்டு எதிர்ப்பு வாபஸ்" என்றார் அலுவலர் ராஜமாணிக்கம். "பாத்தியா? பொறுமையா இருந்தா குழந்தைங்க தானா வழிக்கு வரும். மீதி அறுபதும் தள்ளுபடி. ஆட்சேபணையை முடிச்சு வச்சுட்டேன். மாவை ஆரம்பிச்சுடலாம்."

"சார், மாவு நிறுத்துனதாலதான் அது கொறஞ்சிது. இப்ப அவ ஒம்போது கிலோ அறுநூறு கீறா சார்."

"எங்க பதிவுல ஏழு தொள்ளாயிரம். சிவப்பு. அஞ்சு மாசமா ஏறாத குழந்தையை நான் சும்மா விட முடியாது. மீட்பு மையத்துக்கு அனுப்பறேன். வேன் வரும். பதினாலு நாள் அங்கேயே வச்சு, நர்ஸ் கையால மூணு வேளையும் மாவு. ஏறாம எங்க போகும்?"

"டாக்டரு கூடாதுன்னு எழுதிக் குடுத்துகீறாங்க சார்."

"டாக்டர் ஆயிரம் எழுதுவாங்க. அவங்க பாக்கறது ஒரு குழந்தை, நான் பாக்கறது ஒன்பதாயிரம்." சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பதைத் திருத்தணிக்காரனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. துளசிங்கம் கைகட்டி நின்றான். ராஜமாணிக்கம் கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பினார். "அதே தகப்பன், அதே தாய், அதே மாவு. இதோ உன் பெரிய பொண்ணு. பதினஞ்சு கிலோ நானூறு. இவ எதிர்த்தாளா?"

துளசிங்கம் அந்தப் பதினைந்து நானூறையே பார்த்தான்.

"இருபத்தாறு வருஷமா இந்த வேலையில இருக்கேன்பா. குழந்தைங்ககிட்ட ஒழுங்கே கிடையாது. சளி புடிக்கும், பல்லு முளைக்கும், வயித்தால போகும், ஒரு மாசம் ஏறும், ஒரு மாசம் இறங்கும். மேல பதில் சொல்லி மாளாது. இவ ஒருத்திதான் முப்பத்தியொரு மாசமா, மாசம் சரியா இருநூறு கிராம். ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்ல. ஒரு மனு கிடையாது, ஒரு தொந்தரவு கிடையாது. எல்லாக் குழந்தையும் இவள மாதிரி இருந்துட்டா இந்தத் திட்டம் எவ்வளவு நல்லா நடக்கும் தெரியுமா?" அவர் உண்மையாகவே நெகிழ்ந்திருந்தார். "ஆவணியில தொடர் ஏற்ற விருது குடுக்கறோம். உன் பொண்ணுக்குத்தான். மேடைக்குக் கூட்டிட்டு வா. நல்லா வளத்திருக்கப்பா."

நல்லா வளத்திருக்கப்பா என்று கேட்டபோது துளசிங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதை அவரிடம் மறுக்க அவனுக்கு மனம் வரவில்லை. வணக்கம் வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்த பிறகுதான், தான் எதற்குப் போனோம் என்பது நினைவுக்கு வந்தது. தன் மேலேயே காறித் துப்பலாம் போலிருந்தது.

ஆடி மூன்றாம் வெள்ளி வேன் வரும் என்று கடிதம் வந்தது. அதற்கு முன்னால் ஆடிக் கிருத்திகை. ஊரெல்லாம் காவடி, அரோகரா. துளசிங்கம் ஷாலினியை இடுப்பில் வைத்துக்கொண்டு படி ஏறினான். முன்னால் போகிற அப்பன்மார்கள் தோளில் நான்கு வயது, ஐந்து வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்து தலைமயிரைப் பிடித்துக்கொண்டு போயின. பாதிப் படியில் துளசிங்கத்துக்குத் தோள் வலித்தது. இடுப்பு வலித்தால் நியாயம், பிள்ளை இடுப்பில் இருந்தது. தோளில் யாரும் இல்லை. அவன் ஒரு கையைத் தூக்கித் தோளுக்கு மேல் பிடித்துக்கொண்டே மீதிப் படிகளை ஏறினான். வசந்தி அதைப் பார்த்துக்கொண்டே பின்னால் வந்தாள்.

வியாழக்கிழமை அவள் அரிசிப் பானைக்குப் பின்னால் ஒரு பையைக் கண்டெடுத்தாள். உள்ளே பச்சை கவுன். கிருத்திகைக் கடையில் வாங்கியது.

"இது ஷாலினிக்குப் பெருசு. யாருக்கு இது?" என்று கேட்டாள்.

அவன் சொல்லிவிட்டான். போனில் இருக்கிற பச்சைக் கட்டத்தை, மாதாமாதம் போய்க் கேட்டதை, பதினைந்து கிலோ அறுநூறை, விருதை, எல்லாவற்றையும். வசந்தி கவுனை மடித்துப் பைக்குள் வைத்தாள், மறுபடி எடுத்தாள், தன் வயிற்றோடு சேர்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அவ செத்துட்டான்னு அந்தாளு கையில சொல்லலியா நீ?"

"வாய் வரல வசந்தி."

"நாளிக்கி வேன் வருது." அவள் குரல் உயரவே இல்லை. "எனக்கு ரெண்டும் என் வயித்துல பொறந்ததுதான். ஒருத்திய இட்டுகினு போய் மண்ணுல வெச்சிட்டு வந்தவன் நீ. வெச்ச கையாலயே திரும்பத் தோண்டி வெளிய வெச்சிகினு கீற. இங்க ஒருத்தி மூச்சு வுட்டுகினு கீறா. உனக்கு எவ வோணும், சொல்லு."

வெள்ளிக்கிழமை காலை வேன் ஊருக்கு வருமுன்னே அவர்களே அலுவலகத்துக்குப் போனார்கள். வாசலிலேயே வேன் நின்றது. வெள்ளை வேன், பக்கவாட்டில் சிரிக்கிற குழந்தைப் படம். ஷாலினியைத் தூக்கிக்கொண்டு வசந்தி வாசல் மரத்தடியில் நின்றாள். துளசிங்கம் பிரபாவதியையும் கூட்டிக்கொண்டு உள்ளே போனான். போனவுடன் சொல்லிவிட்டான். இல்லையென்றால் சொல்லாமலே திரும்பிவிடுவோம் என்று அவனுக்குத் தெரியும்.

"சார், என் பெரிய பொண்ணு செத்துட்டா. ஒன்ற வருசம் ஆவுது."

ராஜமாணிக்கம் கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இருக்காதே. பச்சையில இருக்கா."

"செத்துட்டா சார். நான்தான் தூக்கினு போனேன்."

"பச்சையில இருக்கற குழந்தை சாக முடியாதுப்பா. நான் சொல்லல, செயலி சொல்லுது. இறப்புப் பதியணும்னா குழந்தை முதல்ல எடை இறங்கி சிவப்புக்கு வரணும்." அவர் பிரபாவதியைப் பார்த்தார். பிரபாவதி தரையைப் பார்த்தாள். விருதுக்கு அச்சடித்து வந்திருந்த அழைப்பிதழ்க் கட்டு மேசையில் இருந்தது, அதையும் ஒரு தடவை பார்த்தார். அவர் கெட்டவர் அல்ல, விதி தெரிந்தவர். விதிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். திட்டத்தில் ஒரு குழந்தை இறந்ததாகப் பதிவானால் அந்த வீட்டின் அடுத்த குழந்தை அலுவலகத்தின் பொறுப்பிலிருந்து நீங்கி டாக்டரின் பொறுப்புக்குப் போய்விடும். டாக்டர் எழுதியதுதான் பிறகு செல்லும். எப்படி இறந்தது என்று விதி கேட்கவில்லை, இறந்திருந்தால் போதும்.

"அப்ப அவளச் சிவப்புக்குக் கொண்டாந்து எறப்ப போட்டுடு" என்று விஜயனிடம் சொல்லிவிட்டு அலுவலர் எழுந்து உள்ளே போனார்.

விஜயன் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்தார். எடை முதன்முதலாக இறங்கிய மாதத்திலிருந்து அவள் இறந்த மாதம் வரை பதினான்கு பதிவு. ஒவ்வொன்றையும் திருத்த வேண்டும். திருத்துவதற்குத் தனித் திரை உண்டு, அதில் எடை இறங்கும். ஆனால் இறங்குவதற்குக் காரணம் காட்ட வேண்டும். காரணம் மூன்றுதான் உண்டு. ஒன்று, குடும்பம் ஊரைவிட்டுப் போய்விட்டது. இரண்டு, தராசு பழுது, அதற்கு என்ஜினீயர் சான்று வேண்டும். மூன்று, பெற்றோர் மாவு ஊட்டவில்லை.

"மூணாவதுதான் உனக்கு ஒத்துவரும்" என்றார் விஜயன். "டீச்சருக்கும் வம்பில்ல, எங்களுக்கும் வம்பில்ல. ஒவ்வொரு மாசத்துக்கும் எட சொல்லு, காரணம் சொல்லு, கட்டவெரல வை. வாயால சொன்னாத்தான் நான் போட முடியும்."

பிரபாவதி நோட்டைத் திறந்தாள். போனில் ஏற்ற முடியாத உண்மையான எடைகளை அவள் அதில் எழுதி வைத்திருந்தாள். துளசிங்கத்துக்கு நோட்டு வேண்டியிருக்கவில்லை. அந்தப் பதினான்கு மாதமும் பிள்ளையைத் தூக்கித் தராசில் வைத்தவன் அவன்தான்.

"ஒம்போது" என்றான்.

"காரணம்?"

"ஊட்டல சார்."

விரலை வைத்தான். இயந்திரம் பச்சை விளக்கைக் காட்டியது.

"எட்டு தொள்ளாயிரம். ஊட்டல சார்."

"எட்டு எழுநூறு. ஊட்டல."

தறியில் தேய்ந்த விரல், சில சமயம் இயந்திரம் ஏற்கவில்லை. துடைத்துவிட்டுத் திரும்ப வைத்தான். செத்த பிறகும் பதினெட்டு மாதம் போனில் வளர்ந்துகொண்டிருந்த பிள்ளை, பாவு உருளை உயரத்துக்கு வந்திருந்த பிள்ளை, அவன் வாயாலேயே மாதம் மாதமாக இளைத்துக்கொண்டே வந்தது. எட்டு கிலோவுக்கு வரும்போது கட்டம் மஞ்சளாகியிருந்தது. கண் குழி விழுந்த மாதம் அது. அவன் தாடையைப் பிடித்து அழுத்தியது அந்த மாதத்தில்தான்.

"காரணம் சொல்லுப்பா."

"ஊட்டல சார்."

அவன் வாழ்நாளில் அவ்வளவு பெரிய பொய் சொன்னதில்லை. அது உண்மையாக இருந்திருக்கக் கூடாதா என்று ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. ஊர் பேசினால் பேசட்டும், பெற்ற பிள்ளைக்குச் சோம்பேறித்தனத்தால் மாவு ஊட்டாத தகப்பன் என்று சொல்லட்டும். அப்படி ஒருவனுக்கு மகளாகப் பிறந்திருந்தால் அவள் இன்றைக்கு இருந்திருப்பாள்.

ஏழு எழுநூறில் கட்டம் சிவப்பானது. ஏழு அறுநூறு. ஏழு ஐந்நூறு. வாசலில் வேன் டிரைவர் ஹாரன் அடித்தார். இந்தக் கேஸ் இல்லை, நீ போ என்று யாரோ குரல் கொடுத்தார்கள். வேன் கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. ஷாலினி அம்மாவிடம் எதையோ காட்டிப் பேசிக்கொண்டிருந்ததும் கேட்டது. தப்பித்தாள். துளசிங்கம் கண்ணை மூடித் திறந்தான்.

"கடைசி" என்றார் விஜயன்.

"ஏழு நானூறு."

"காரணம்?"

"ஊட்டல சார். மாவே ஊட்டல, ஒரு வாய்கூட ஊட்டல." அவன் நிறுத்தவில்லை. "சோறுதான் குடுத்தேன் சார். கேவுரு கூழ் கரச்சி, மோர் ஊத்திக் குடுத்தேன். நல்லா துன்னா. வயிறு கொறஞ்சிது. என் பின்னால தறிவூட்டுக்கு ஓடியாந்தா. தோள்ல ஒக்கார வெச்சிகினு மலைக்கிப் போனேன்..."

"அதெல்லாம் எழுத இதுல எடம் இல்லப்பா" என்றார் விஜயன். "வெரல வை."